பழைய ஆயில் இன்ஜினை மறுபடி ஓடவைத்தவர்கள் சொல்லுங்கள்

தாராபுரத்து விவசாயி:
தாத்தா வாங்கிய லிஸ்டர் வகை இன்ஜின், ராஜ்கோட்டில் வார்த்தது, 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. கரண்ட் மோட்டார் வந்ததோடு மூலையில் தள்ளிவிட்டோம். பிஸ்டன் பிடித்திருந்ததை விடுவித்தது, ரிங் போட்டதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். மச்சான் ஹேண்டில் சுற்ற, சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்து சுற்றுவதை லேசாக்கும் டீகம்ப்ரஷன் லிவரை நான் விட்டதும் எடுத்துக்கொண்டது, கத்திவிட்டோம். ஆனால் டக் டக்கென்று நிதானமாக ஓட வேண்டியது வேகம் ஏறிக்கொண்டே போகிறது! பிளைவீல் என்கிற கனத்த சக்கரத்தின் கம்பிகள் கண்ணுக்கே தெரியவில்லை, கீழே போட்ட மரச்சட்டம் தரையில் நகர்கிறது. டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பு ராக் துருப்பிடித்து முழு டீசலில் நின்றுவிட்டதால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இழுத்தும் அசையவில்லை. மச்சான்தான் ஈரச் சாக்கைச் சுருட்டிக் காற்று இழுக்கும் வாயில் அமுக்கினார். நின்ற பிறகும் எனக்குக் கை நடுக்கம் போகவில்லை.

உடுமலை:
டீசல் குழாயை மூடியிருந்தால் போதுமே, எதற்குச் சாக்கு? என் விஷயம் நாசில், சிலிண்டர் மூடியான ஹெட்டில் இருந்து டீசலைப் பீய்ச்சும் பாகம். பட்டறைப் பெரியவர் நாசிலைக் கழற்றி, பைப்போடு வெளியே மாட்டி, சுற்றச் சொன்னார். முதலில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. முனையை மாற்றிவிட்டுச் சுற்றியதும் கிர்ரென்று சத்தம், புகை மாதிரி டீசல். "இப்ப ஹெட்டுல மாட்டு, எடுக்கும்" என்றார், எடுத்தது.

சேலம் பட்டறை:
உடுமலை அண்ணே, குழாயை மூடினால் உடனே நிற்காது. ஃபில்டரிலும் பைப்பிலும் இருக்கும் டீசல் தீரும்வரை ஓடும், அதற்குள் பிளைவீல் வெடித்தால் யார் பொறுப்பு? ரிங் தேய்ந்து அடித்தொட்டியில் இருக்கும் சம்ப் ஆயிலை இழுக்கிற இன்ஜின் என்றால் டீசலை நிறுத்தியும் பிரயோஜனமில்லை. காற்றை அடைப்பதுதான் வழி, ஆனால் சாக்கு வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். தட்டையான பலகையைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் ஹேண்டிலையே தொட வேண்டும். அதற்கு முன்னால் ராக்கை விரலால் தள்ளிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். நாசில் சோதிக்கும்போது எதிரில் கை வைக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். அப்புறம் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டைத் திறந்து பாருங்கள், உப்புத் தண்ணீர்க் கிணறு என்றால் சுண்ணாம்பு கட்டியிருக்கும், சுரண்டாமல் ஓட்டினால் ஹெட் விரிசல் விடும். எங்கள் மாமாவுக்கு ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு உடைந்தது, அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

தாராபுரத்து விவசாயி:
சரிங்க, பலகை வைத்துக்கொள்கிறேன். ராக்கைத்தான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணம்:
எங்களுடையது மண்ணெண்ணெய் வாட்டர் பம்ப். 1995 இடம்பெயர்வில் அப்பா அதைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தார். திரும்பிப் போய்த் தோண்டினால் காபரேட்டர் முழுக்க மண், சைலன்சருக்குள் எறும்புப் புற்று. எல்லாம் கழற்றிக் கழுவி, பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் பெட்ரோல் விட்டுப் பூட்டி, கயிறு சுற்றி இழுத்தார். எத்தனை இழுவையோ! பிடித்ததும் அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தா. சேலம் அண்ணாவுக்கு ஒன்று: காபரேட்டரில் எண்ணெய் வரும் சின்னத் துளையான ஜெட்டில் மண் ஏறினால் அதைக் கம்பியால் குத்தச் சொல்லிவிடாதீர்கள், ஓட்டை பெருத்தால் எண்ணெய் குடிக்கும். ஊதி எடுப்பதே போதும்.