நாஸ் பெட்டிக்கு ஓயாத கடவுச்சொல் ஊகத் தாக்குதல்: தானியங்கித் தடை இருந்தும் நிற்கவில்லை, உதவி தேவை

கேள்வி: டிசைன் அறை, திருபுவனம்

வணக்கம். திருபுவனத்தில் பட்டுப் புடவைகளுக்கான ஜக்கார்டு டிசைன்களைக் கணினியில் வரைந்து கொடுக்கிறோம். பல ஆண்டுக் கோப்புகள் அனைத்தும் ஒரு சினாலஜி நாஸ் பெட்டியில், அதாவது வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் சேமிப்புப் பெட்டியில், உள்ளன; அதில் சினாலஜியின் இயக்க மென்பொருளான டிஎஸ்எம் 7 இயங்குகிறது. கும்பகோணத்தில் உள்ள எங்கள் கடையிலிருந்தும் அவற்றைத் திறக்க வேண்டியிருப்பதால், பெட்டியைப் பொருத்தியவர் ரவுட்டரில் 5001 போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து பெட்டியின் உள்நுழைவுப் பக்கத்துக்கு வரும் வாயிலை, திறந்து வைத்திருக்கிறார்.

சில வாரங்களாகப் பெட்டியின் நிகழ்வுப் பதிவேடான லாக் சென்டரில் ‘அட்மின்’, ‘டெஸ்ட்’, ‘பேக்கப்’ போன்ற பெயர்களில் தோல்வியுற்ற உள்நுழைவுகள் இரவு பகலாகப் பதிவாகின்றன. 5 நிமிடங்களுக்குள் 10 முறை தவறினால் அந்த ஐபி முகவரியைத் தடுக்கும்படி அமைத்திருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு முகவரியும் ஓரிரு முறை மட்டுமே முயன்று விலகிக்கொள்வதால் தடைப் பட்டியல் காலியாகவே இருக்கிறது. எண்ணிக்கையை 2 ஆகக் குறைப்பது சரியா? போர்ட் எண்ணை மாற்றினால் போதுமா?

பதில்: மன்னார்குடி நெட்வொர்க்

எண்ணிக்கையை 2 ஆகக் குறைக்க வேண்டாம். பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கும் விண்டோஸ் கணினி, யாரும் கேட்காமலேயே அதைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதனால் முதலில் தடைபடுவது உங்கள் சொந்த ஆட்களாகத்தான் இருப்பார்கள். கடையின் எல்லாக் கணினிகளும் வெளியே ஒரே முகவரியுடன் வருவதால், ஒருவர் தவறினால் கடை முழுவதும் நின்றுவிடும்.

நீங்கள் காண்பது, தொற்றுக்குள்ளான ஏராளமான கருவிகளிடையே ஊகிக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் பாட்நெட்டின் முறை. 2019 ஜூலையில் நிர்வாகிக் கணக்குகளின் கடவுச்சொற்களை ஊகித்து உள்ளே புகுந்து கோப்புகளைக் குறியாக்கம் செய்த தாக்குதல்கள் நடந்தபோதும், 2021 ஆகஸ்டில் ஸ்டெல்த்வொர்க்கர் என்ற பாட்நெட் பரவியபோதும் சினாலஜி நிறுவனமே பயனர்களை எச்சரித்தது. இரண்டிலும் மென்பொருளின் ஓட்டை தேவைப்படவில்லை. எளிய கடவுச்சொல்லே போதுமானதாக இருந்தது. முகவரியை வைத்துத் தடுக்கும் முறை இத்தகைய தாக்குதலுக்கு எதிராகப் பெரிதாகப் பயன்படாது. கணக்கை வைத்துத் தடுக்கும் ‘கணக்குப் பாதுகாப்பு’ வசதி செக்யூரிட்டி பகுதியில் தனியாக இருக்கிறது; அறிமுகமற்ற கருவிகளிலிருந்து ஒரே கணக்கின் மீது வரும் தவறான முயற்சிகளை, அவை எத்தனை முகவரிகளிலிருந்து வந்தாலும், அது சேர்த்தே எண்ணுகிறது. அதை இயக்குங்கள்.

எனினும், என் கருத்தில் முதல் வேலை ரவுட்டரில்தான் இருக்கிறது. 5001 போர்ட் திறப்பை நீக்குங்கள். கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள இடம் தரும் யுபிஎன்பி வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லையெனில் உள்ளே இருக்கும் ஏதேனும் ஒரு கருவி உங்களுக்குத் தெரியாமலேயே மறுபடி ஒரு போர்ட்டைத் திறக்கக்கூடும். கடைக்கு விபிஎன் என்னும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியைக் கொடுங்கள். டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் செயலி, பெட்டியின் பேக்கேஜ் சென்டரிலேயே கிடைக்கிறது. அதற்குப் பொது ஐபி முகவரியோ திறந்த போர்ட்டோ தேவையில்லை. ஒரு அடையாளப் பெயரைக் கொண்டு வெளியிலிருந்து பெட்டியை அடைய உதவும் சினாலஜியின் குவிக்கனெக்ட் சேவையை விட்டுவைத்தால், அந்த அடையாளப் பெயரை அறிந்தவர் உள்நுழைவுப் பக்கம் வரை வர முடியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இதற்கிடையே ஒன்றை உடனே பார்க்க வேண்டும். தோல்விகளையே பார்த்துக்கொண்டிராமல், வெற்றி பெற்ற உள்நுழைவுகளை மட்டும் வடிகட்டி, நேரத்தையும் முகவரியையும் உங்கள் ஆட்களுடன் ஒப்பிடுங்கள். புதிய பயனர் எவரேனும் சேர்ந்திருக்கிறாரா, குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் நீங்கள் வைக்காத பணி இருக்கிறதா, தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

பதில்: நாகை கடலோரம்

நான் போர்ட் எண்ணை மாற்றி, ஃபயர்வாலில் இந்தியாவைத் தவிர மற்ற நாடுகளைத் தடுத்தேன், லாக் அமைதியாகிவிட்டது. அலுவலகத்தில் இருப்பவர்கள் கணினி அறிந்தவர்கள் அல்லர் என்றால் இதுவே எளிது.

பதில்: மன்னார்குடி நெட்வொர்க்

லாக் அமைதியாவது உண்மைதான் ஐயா, இரைச்சல் குறைந்தால் உண்மையான ஆபத்து கண்ணில் படும் என்பதால் அதற்கும் பயன் உண்டு. ஆனால் எல்லாப் போர்ட்டுகளையும் துழாவும் கருவி புதிய எண்ணையும் கண்டுபிடித்துவிடும். தொற்றுக்குள்ளான ரவுட்டர்களும் கேமராக்களும் இந்தியாவிலும் இருக்கின்றன. திறந்த போர்ட்டைத் தவிர்க்கவே முடியாதவருக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

பதில்: தஞ்சை மேலவீதி

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களையே இவர்கள் பெரும்பாலும் முயன்று பார்க்கிறார்கள். ஆகவே, சிக்கலான குறிகளைச் சேர்ப்பதைவிட, வேறு எங்கும் பயன்படுத்தாத நீளமான கடவுச்சொல்லை வைப்பதே முக்கியம். ‘அட்மின்’ கணக்கை முடக்கிவிட்டு, எளிதில் ஊகிக்க முடியாத பெயரில் வேறொரு நிர்வாகிக் கணக்கை உருவாக்குங்கள். அன்றாட வேலைக்கு நிர்வாக உரிமை இல்லாத கணக்கே போதும். கடவுச்சொல்லோடு செல்பேசி காட்டும் குறியீட்டையும் கேட்கும் இரு-அடுக்குச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். ஆனால் 445 போர்ட் வழியான விண்டோஸ் கோப்புப் பகிர்வு அந்த இரண்டாம் குறியீட்டைக் கேட்பதில்லை என்பதால், அந்தப் போர்ட்டை இணையத்தின் பக்கம் ஒருபோதும் திறக்கக் கூடாது.

கேள்வியாளர்: டிசைன் அறை, திருபுவனம்

மூவருக்கும் மிக்க நன்றி. வெற்றி பெற்ற உள்நுழைவுகள் அனைத்தும் எங்களுடையவையே என்று உறுதி செய்துகொண்டோம். போர்ட்டை மூடியதும் முயற்சிகள் நின்றுவிட்டன. கடையிலும் டெயில்ஸ்கேல் வேலை செய்கிறது. ஆனால் நேற்று நீண்ட மின்வெட்டுக்குப் பின் பெட்டி மீண்டும் இயங்கியதிலிருந்து, செல்பேசி காட்டும் ஆறு இலக்கக் குறியீட்டைத் தவறு என்கிறது. தாக்குதலில் யாரேனும் அதை மாற்றியிருப்பார்களோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: தஞ்சை மேலவீதி

பெரும்பாலும் கடிகாரம்தான் காரணம். அந்தக் குறியீடு நேரத்தைக் கொண்டு 30 நொடிக்கு ஒன்றாகக் கணக்கிடப்படுகிறது. பெட்டியின் நேரமும் செல்பேசியின் நேரமும் விலகினால் சரியான குறியீடும் மறுக்கப்படும். மின்வெட்டுக்குப் பின் இணையம் வரும் முன்பே பெட்டி எழுந்துவிட்டால், அது நேர சேவையகத்தை அடைய முடிந்திருக்காது. ரவுட்டர் நன்றாக இயங்கும்போது பெட்டியை மறுதொடக்கம் செய்து பாருங்கள். உள்நுழைந்ததும் ரீஜனல் ஆப்ஷன்ஸில் நேர சேவையகம் அமைக்கப்பட்டிருப்பதை உறுதி செய்யுங்கள். ரவுட்டரையும் பெட்டியையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணைப்பது நல்லது; ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் வந்தால் நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும்.

அப்படியும் நுழைய முடியாவிட்டால், முன்பே மின்னஞ்சல் கொடுத்திருந்தால் அவசரக் குறியீட்டை அதற்கு வரவழைக்கலாம். கடைசி வழி, பெட்டியின் பின்புறச் சிறு துளையிலுள்ள ரீசெட் பொத்தானை ஒரு பீப் ஒலி கேட்கும் வரை, ஏறக்குறைய 4 நொடி, அழுத்துவது. கோப்புகள் அழியாது, நிர்வாகிக் கடவுச்சொல்லும் வலையமைப்பு அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பும். மறுபடி அழுத்த வேண்டாம், அது டிஎஸ்எம்மை மீண்டும் நிறுவும் நிலைக்குக் கொண்டுபோகும். தானியங்கித் தடையும் ஃபயர்வாலும் இதனால் அணைந்துவிடும் என்பதால் அவற்றைப் பிறகு இயக்க வேண்டும்.

பதில்: மன்னார்குடி நெட்வொர்க்

பொத்தானைத் தொடக்கூடிய எவரும் நிர்வாகியாக முடியும் என்பதே அதன் பொருள். பெட்டியைப் பூட்டிய அலமாரியில், காற்றோட்டத்துடன் வையுங்கள். பெட்டியின் சேமிப்பிடம் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் இருந்தால், கோப்புகளின் அந்நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை இயக்குங்கள், டிஎஸ்எம் 7.2-இல், ஆதரிக்கும் மாடல்களில், குறித்த நாட்கள் வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாத ஸ்னாப்ஷாட்டும் உண்டு. அதோடு ஒரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கழற்றி, கும்பகோணம் கடையில் வையுங்கள்.

கேள்வியாளர்: டிசைன் அறை, திருபுவனம்

மறுதொடக்கம் செய்ததும் குறியீடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெட்டியின் நேரம் பல நிமிடங்கள் பின்தங்கியிருந்தது. யுபிஎஸ்ஸில் ரவுட்டரையும் சேர்த்துவிட்டோம். ஹார்ட் டிஸ்க் வாங்கியபின் நகலெடுப்பது பற்றித் தனியாகக் கேட்கிறேன்.