ஆறு வாரமா 74 கிலோவுலயே நிக்குது: சாப்பாடும் நடையும் மாறல, தப்பு எங்க?

குறிஞ்சிமலர்:

வயசு 38, உயரம் 158 செ.மீ. 82 கிலோவுல ஆரம்பிச்சு நாலு மாசத்துல 74. அதுக்கப்புறம் ஆறு வாரமா 73.6-க்கும் 74.8-க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது.

ஆப்ல எழுதுற கணக்கு ஒரு நாளைக்கு 1450–1500 கலோரி. காலையில 3 இட்லி இல்லன்னா 2 தோசை. மதியம் அரிசிக்குப் பதிலா சாமை, வரகு. கூட சாம்பார், பொரியல், மோர். ராத்திரி 2 சப்பாத்தி, குருமா. காபி மூணு வேளை. வாரத்துல ஆறு நாள் 45 நிமிஷ நடை. தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை; ஆறு மாசத்துக்கு முன்னாடி பார்த்தப்போ டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) சரியா இருந்தது. சர்க்கரை நோய் கிடையாது.

கேக்க வேண்டியது மூணு. 1200-க்குக் குறைக்கணுமா? நடையை 90 நிமிஷம் ஆக்கணுமா? கம்மியா சாப்பிட்டா உடம்பு பட்டினின்னு நெனச்சு எல்லாத்தையும் சேத்து வெச்சுக்கும்கிறாங்களே, அது நெசமா?

தராசுமுள்:

மூன்றுக்கும் இப்போதைக்கு 'இல்லை'. முதலில் இது உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் உடம்பில் நீர் தேங்கி ஒன்றிரண்டு கிலோ கூடுவது சாதாரணம். ஊறுகாய், அப்பளம், ஓட்டல் சாப்பாட்டு உப்புக்கும் மறுநாள் முள் ஏறும். மலச்சிக்கலுக்கும் ஏறும். மாதம் ஒரு கிலோ கொழுப்பு கரைகிறது என்றால் வாரத்துக்கு 250 கிராம்தான். ஒரு கிலோ நீர் ஆட்டத்துக்குள் அது கண்ணில் படாது.

அதனால் தினமும் காலையில் கழிவறை போய் வந்தபின், எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். எடை இயந்திரம் பாய் மேலோ மிதியடி மேலோ இருக்கக் கூடாது. சமதளமான டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றமே. மாதவிடாய் தொடங்கி 6-லிருந்து 10-ம் நாள் வரையிலான சராசரியை அடுத்த மாதம் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள்.

இடுப்புச் சுற்றளவும் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடம் கணக்கில் வராது. நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதுதான் எச்சரிக்கைக் கோடு. நான்கு வாரம் சராசரி எடையும் அசையவில்லை, இடுப்பும் அசையவில்லை என்றால்தான் அதைத் தேக்கம் என்று சொல்வேன்.

உங்களுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது என்பதால் தேக்கம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரி. 120 நாளில் 8 கிலோ என்றால், உடம்பின் செலவைவிடச் சாப்பாடு குறைந்து நாளுக்கு 500 கலோரி அளவுக்குத் துண்டு விழுந்திருக்கிறது. அதாவது ஆரம்பத்தில் நீங்கள் எழுதிய கணக்கு கிட்டத்தட்ட சரி. ஆனால் 74 கிலோ உடம்புக்கு 82 கிலோ உடம்பின் செலவு கிடையாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் போட்ட கணக்குப்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளுக்கு 20–30 கலோரி குறைகிறது. பசியோ கிலோவுக்கு 100 கலோரி அளவில் கூடுகிறது. 8 கிலோவுக்குச் செலவில் 160–240 போய்விட்டது. மிச்சம் இருக்கும் துண்டு 250-லிருந்து 350. அதைத்தான் ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. பசி கூடும்போது ஆப்பில் எழுதுவது மாறாது, கரண்டி மட்டும் கொஞ்சம் ஆழமாக இறங்கும்.

இது யாரையும் பொய்யர் என்று சொல்வதல்ல. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று வந்தவர்களை நியூயார்க்கில் அளந்து பார்த்து 1992-ல் ஒரு ஆய்வு வெளியானது. சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதி அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. உடற்பயிற்சியை ஒன்றரை மடங்காகச் சொல்லியிருந்தார்கள். வளர்சிதை மாற்றம் சரியாகவே இருந்தது. வேண்டுமென்று யாரும் மறைக்கவில்லை. கண்ணளவு அப்படித்தான்.

அடுப்பங்கரைக்கணக்கு:

தராசுமுள் சொன்ன அந்த 'ஏதோ ஒன்று' முக்கால்வாசி எண்ணெய்தாங்க. ஒரு டீஸ்பூன் 45 கலோரி, ஒரு டேபிள்ஸ்பூன் 120-க்கு மேல. தோசையைச் சுத்தி ஊத்துறது 'ஒரு ஸ்பூன்'னு ஆப்ல போகும். நெசத்துல ரெண்டு டீஸ்பூன் போயிருக்கும். ஒவ்வொரு வேளையும் அளக்க வேணாம், எண்ணெய் டின்னை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். 5 லிட்டர் எத்தனை நாள் வருது, வீட்டுல எத்தனை பேரு? அதை மட்டும் சொல்லுங்க. தலைக்கு மாசம் அரை லிட்டர்னா நாளுக்கு 140 கலோரிக்குள்ள நிக்கும். அதுதான் குறி.

அடுத்தது சிறுதானியம். சாமை, வரகு, தினை எல்லாமே வேகாத 100 கிராமுக்கு 330–350 கலோரி. அரிசியும் 350 பக்கம். நார்ச்சத்து கூட, சீக்கிரம் பசிக்காது, அது நல்லதுதான். ஆனா 'சிறுதானியம்தானே'ன்னு ஒரு கரண்டி கூடப் போட்டா அரிசியே பரவாயில்ல. கொள்ளு ரசமும் இந்தக் கதைதான். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு சொல்றோம். கொள்ளுல புரதம் 22 கிராம் இருக்கு, சுண்டலா தின்னா வயிறு நிக்கும். ரசத்துல கரைஞ்சு வர்ற கொள்ளு கொழுப்பையெல்லாம் கரைக்காது.

சாதத்தை இப்படி அளங்க. 300 கிராம் அரிசி போட்டீங்க, வெந்து 810 கிராம் வந்துச்சு. (பாத்திரத்தோட எடையை முன்னாடியே எழுதி வெச்சுக் கழிச்சுடுங்க.) மொத்தம் 1050 கலோரி. உங்க தட்டுல 180 கிராம்னா 233 கலோரி. குழம்பு, கூட்டுக்கும் இதே வழிதான். ரெண்டு வாரம் அளந்தா போதும், கை பழகிடும். வாழ்நாள் பூரா தராசோட உக்காரத் தேவையில்ல.

காபிக்கு எந்தப் பாக்கெட்? ஆவின் ஆரஞ்சுல கொழுப்பு 6 சதவீதம், பச்சையில 4.5, நீலத்துல 3. ஆரஞ்சுப் பால் 100 மில்லி, சர்க்கரை 2 டீஸ்பூன், இப்படி மூணு தம்ளர்னா 380 கலோரி வந்துடும். நீலத்துக்கு மாறி சர்க்கரையை விட்டா 175.

மாமரத்தடி:

வாரத்துல ஒரு நாள் எல்லாம் சாப்பிடுங்க மேடம், சீட் டே. உடம்புக்கு ஷாக் கொடுத்தா மெட்டபாலிசம் திரும்ப ஏறும்னு ஜிம்ல எல்லாரும் சொல்றது.

தராசுமுள்:

மாமரத்தடி, ஜிம்மில் எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் கணக்குப் பாருங்கள். ஆறு நாள் 300 கலோரி வீதம் குறைத்தால் 1800. ஞாயிறு மதியம் ஒரு பிரியாணி, மாலையில் பஜ்ஜி, இரவு பரோட்டா என்றால் வழக்கத்தைவிட 1500 கூடுவது பெரிய விஷயமில்லை. வாரம் முழுக்க நடந்தது அதோடு சரி.

'பட்டினி மோடு' கேள்விக்கும் இங்கேயே பதில். 1944–45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். அவர்கள் உடம்பின் எரிப்பு வெகுவாகத் தணிந்தது. கை கால் வீங்கி நீர் கோத்தது. ஆனாலும் எடையில் கால் பங்கு போனது. ஆக, செலவு குறையும் என்பது உண்மை, கொழுப்பு கரைவதே நின்றுபோகும் என்பது பொய். நீர் கோப்பதால் நின்ற மாதிரி தெரியும்.

நாலைந்து மாதம் கட்டுப்பாடாக இருந்து சலித்துப்போனவர்களுக்கு வேறு ஒரு இடைவேளை உண்டு: இரண்டு வாரம், எடை கூடாமலும் குறையாமலும் இருக்கும் அளவுக்கு, உங்களுக்கு 1800 கலோரி பக்கம், அளந்து சாப்பிடுவது. பசியும் எரிச்சலும் கொஞ்சம் தணியும். ஒரு கிலோ ஏறும். அது தசையில் சேரும் மாவுச்சத்தும் அதோடு ஒட்டிய நீரும்தான், பயப்பட வேண்டாம்.

1200 கலோரிக்குக் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் போகாதீர்கள். வேகமாக இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

மாத்திரைப்பெட்டி:

முடி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள், தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடும். தைராய்டு குறைந்தால் டி.எஸ்.எச். ஏற வேண்டும்; அது ஏறியதே தெரியாமல் போகும்.

குறிஞ்சிமலர், தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் தண்ணீரில் போட்டு, முதல் காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுகிறீர்களா? இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பலருக்கு மாத்திரை வேலை செய்யாததற்குக் காரணம் அந்தக் காபிதான். ஆறு மாதம் ஆகிவிட்டதால் டி.எஸ்.எச். ஒருமுறை பாருங்கள். ஆனால் அதன் மேல் எல்லாப் பழியையும் போடாதீர்கள். தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் 2-லிருந்து 5 கிலோ, அதிலும் உப்பும் நீரும்தான் மிகுதி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சர்க்கரை நோய்க்குத் தரும் இன்சுலின், கிளைமிபிரைடு, பயோகிளிட்டசோன், பிறகு ஸ்டீராய்டு, மனநல மருந்துகளான ஒலான்சபின், மிர்ட்டசபின், அமிட்ரிப்டிலின், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், ஒற்றைத் தலைவலிக்கும் பிரஷருக்கும் தரும் புரோப்ரனலால், அட்டெனலால் இவையெல்லாம் எடையைப் பிடித்து வைக்கக்கூடியவை. யாரும் தானாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். குறிப்பாகக் கிளைமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, சர்க்கரைத் தண்ணீர் குடித்து, குறைத்ததை அப்படியே திரும்பச் சேர்ப்பார்கள். அங்கே மாற வேண்டியது மருந்தின் அளவு.

குறிஞ்சிமலர்:

எல்லாருக்கும் நன்றி. எண்ணெய் கணக்கு: வீட்டுல நாலு பேரு. ஆரம்பத்துல ஸ்பூன் வெச்சு ஊத்துனப்போ 5 லிட்டர் 36 நாள் வந்துச்சு. இப்போ 25 நாள். ஆப்ல ரெண்டு காலத்துக்கும் நாலு டீஸ்பூன்தான் போட்டிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை எழுதுறதே இல்ல. பால் பச்சைப் பாக்கெட், சர்க்கரை ஒரு ஸ்பூன். மாத்திரை போட்டு பத்து நிமிஷத்துல காபி குடிச்சிடுவேன்.

வீட்டுக்கே மொத்தமாச் சமைக்கிறப்போ எனக்கு மட்டும் எண்ணெயை எப்படிக் குறைக்கிறது?

அடுப்பங்கரைக்கணக்கு:

36 நாள்னா தலைக்கு நாளுக்கு 35 மில்லி, 285 கலோரி. 25 நாள்னா 50 மில்லி, 410. இதுலயே 125 கூடிப்போச்சு. பொரிச்சுட்டுக் கொட்டுன எண்ணெயைக் கழிச்சாலும் நூறு நிக்கும். ஞாயிறு 1000 கூடினா நாளுக்கு 140 மாதிரி. 250 வந்துடுச்சு பாருங்க. தராசுமுள் தேடுன கலோரி இதுதான்.

தனியாச் சமைக்கவே வேணாம். சாம்பார், கூட்டு, ரசத்துல தாளிக்கிறதுக்கு முன்னாடியே உங்க பங்கை எடுத்து வெச்சுட்டு, அரை டீஸ்பூன்ல கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டிக்குங்க. பொரியலுக்குக் காயை முதல்ல ஆவியில முக்கால் வேக்காடு வேக வெச்சுட்டா நாலு பேருக்கே ரெண்டு டீஸ்பூன் போதும். பச்சையாப் போட்டு எண்ணெயிலயே வதக்குறப்போதான் பாட்டில் சாயும். கத்திரிக்காய் பஞ்சு மாதிரி உறிஞ்சும். சுட்டு கொத்சு பண்ணுங்க. வத்தக்குழம்புல 'எண்ணெய் பிரியுற வரைக்கும்' விட்டே ஆகணும்னா, மேல மிதக்குறதைக் கரண்டியால ஒதுக்கிட்டு அடியில இருக்குறதை ஊத்திக்குங்க. தோசைக்கல்லுல பாதி வெங்காயத்தை எண்ணெயில தொட்டுத் தேய்ச்சா போதும், சுத்தி ஊத்த வேணாம். குருமாவுல தேங்காயும் முந்திரியும் அரைக்கிறதைப் பாதியாக்கி, மிச்சத்துக்குப் பொட்டுக்கடலை.

தண்டால்:

நடையைப் பத்தி யாரும் சொல்லல. 45 நிமிஷத்துல 4 கிலோமீட்டர் போனா, 74 கிலோ உடம்புக்குக் கூடுதலாச் செலவாகுறது 150 கலோரி மாதிரிதான். வாட்ச் 280-னு காட்டும். அதுல சும்மா உக்காந்திருந்தாலே ஆகியிருக்குற செலவும் சேர்ந்திருக்கும். ஆப்ல அதை வரவு வெச்சுட்டு மெதுவடை ஒண்ணு தின்னா நேரா போச்சு. 90 நிமிஷம் ஆக்குனா அசதியில மிச்ச நாள் பூரா உக்காந்துடுவீங்க. நடையை 45-லயே விட்டுட்டு, வாரத்துல ரெண்டு மூணு நாள் தசைக்கு வேலை கொடுங்க: நாற்காலியில உக்காந்து எழுறது, சுவத்துல கை வெச்சு தண்டால், பையில புத்தகம் போட்டுத் தூக்குறது. ஒவ்வொண்ணும் 8–12 தடவை, மூணு சுத்து. 12 லேசா வந்தா அடுத்த வாரம் எடை கூட்டணும். ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு வாரம் தசையில நீர் கோத்து முள்ளு ஏறலாம்.

உங்க மெனுவுல புரதம் ரொம்பக் கம்மி. ஒரு கரண்டி சாம்பார்ல மூணு கிராம்தான் தேறும். நாளுக்கு 80 கிராம் வரணும். ஒரு முட்டை 6, சோயா உருண்டை 30 கிராம் 15, பன்னீர் 100 கிராம் 18, மீனோ கோழியோ 100 கிராம் 20, வெந்த கொண்டைக்கடலை 100 கிராம் 8–9. ராத்திரி குருமா இருக்குற இடத்துல இதுல ஏதாவது ஒண்ணு.

அடுப்பங்கரைக்கணக்கு:

ஆமா, புரதம் விட்டுப்போச்சு. இப்போதைக்குச் சாப்பாட்டு அளவைக் குறைக்காதீங்க, நாளைக்கே புது டின் உடைச்சு, மூடியில தேதியை எழுதி வைங்க. தலைக்கு அரை லிட்டர் குறி அப்புறம், முதல்ல 36 நாளுக்கு முன்னாடி அது காலியாகக் கூடாது. ஞாயிறையும் எழுதுங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்ல. 250 திரும்பக் கிடைச்சா மாசத்துக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் இறங்கும், ஆரம்பத்துல மாதிரி ரெண்டு வராது. அடுத்த மாதவிடாய்க்கப்புறம் 6-லிருந்து 10-ம் நாள் வரைக்குமான சராசரியையும் இடுப்பு அளவையும் இங்க போடுங்க.