மறு: சூலக நோய்த்தொகைக்கு வழங்கும் ஓமோன் குளிசையை எவ்வாறு அழைப்பது?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பிசிஓஎஸ் (PCOS) என்று எல்லோரும் எழுத்துக்கூட்டிச் சொல்லும், சூலகத்தில் (சினைப்பையில்) முட்டை வளர்ச்சி தடைப்பட்டு, ஆண் ஓமோன் கூடி, மாதவிடாய் தவறும் நோய்த்தொகைக்கும், அதற்கு வழங்கப்படும் ஓமோன் குளிசைக்கும் (மாத்திரைக்கும்) தமிழ்ப் பெயர் கேட்டு, என் முன்மொழிவுகளையும் சொல்லி எழுதியிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இப்போது பெண்கள் கிளினிக் ஒன்றுக்காகத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். ஆகையால் ஒரு சொல் அகராதியில் எப்படி நிற்கிறது என்பதைவிட, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வாங்கில் உட்கார்ந்திருக்கும் தாயின் மனத்தில் அது என்ன செய்கிறது என்பதையே முதலில் பார்க்கிறேன்.

நோயின் பெயரைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிட்டுக் குளிசைக்கு வருகிறேன். ‘பல்நீர்க்கட்டி’ என்ற சொல்லைப் பலர் ஆதரித்துள்ளீர்கள். அது வழக்கில் இருப்பது உண்மைதான், ஆயினும் நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். ‘கட்டி’ என்று காதில் விழுந்ததும் தாய்மார் அடுத்துக் கேட்பது, “வெட்டி எடுக்கணுமா மிஸ்?” என்பதுதான். ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே அல்ல. முட்டையைத் தாங்கி வளரத் தொடங்கி, சில மில்லிமீற்றர் அளவோடு வளர்ச்சி நின்றுபோன சூலகப் புடைப்புகள் அவை. ‘புடைப்பு’ என்பது நம் பாடசாலை உயிரியலில் ஏற்கெனவே உள்ள சொல். ‘புடைப்புத் தூண்டும் ஓமோன்’ என்று படித்தவர்கள் இக்குழுமத்திலேயே இருக்கிறீர்கள். மேலும், 2023 ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல்கள், முதல் மாதவிடாய் வந்து 8 ஆண்டுகள் கடக்கும்வரை ஸ்கேனை வைத்து இந்நோயை நிர்ணயிக்க வேண்டாம் என்று கூறுகின்றன, ஏனெனில் அவ்வயதில் நலமான சூலகத்திலும் பல புடைப்புகள் தெரியும். நோயை நிர்ணயிக்கவே பயன்படாத ஓர் அடையாளத்தை அந்த வயதுப் பிள்ளையின் நோய்க்குப் பெயராகச் சூட்டுவது எவ்வகையில் பொருந்தும்? ஆங்கிலப் பெயரையே மாற்ற வேண்டும் என்று, அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவகங்கள் 2012 இல் கூட்டிய நிபுணர் குழுவும் பரிந்துரைத்தது. அப்படியிருக்க, அந்தப் பெயரின் குறையை நாம் தமிழுக்குள் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

என் முன்மொழிவு ‘சூற்புடைப்புத் தேக்க நோய்த்தொகை’ என்பது. இது நீளமானது என்று ஒருவர் எழுதியிருந்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தேக்கம்’ என்ற சொல் எனக்கு ஒரு வயற்காரப் பெண்ணிடமிருந்து கிடைத்த துணிவில் பிறந்தது. புடைப்புகள் பாதி வளர்ந்து நின்றுவிடுவதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்து, “குடலையோட நிண்டு போற பயிர் மாதிரியா? கதிர் வெளிய வராது, ஆனா பயிர் சாகவும் இல்ல” என்றார். நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

இனிக் குளிசை. இதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு பெரிது.

‘கருத்தடை மாத்திரை என்று ஏற்கெனவே சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?’ என்பது சென்னை நண்பரின் கேள்வி. எதற்கு என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, நான்கு மாதமாக மாதவிடாய் வராமல் முகத்தில் மயிரும் பருவும் கண்டிருந்த நிலையில், மருத்துவர் இக்குளிசையை எழுதிக் கொடுத்தார். இங்கு பெருவழக்கில் உள்ள 28 குளிசை அட்டை அது: 21 வெள்ளைக் குளிசைகளில் ஓமோன், கபில நிறத்திலுள்ள 7 குளிசைகளில் இரும்புச்சத்து. தாய் அட்டையை வாங்கிப் புரட்டினார். கபில நிற வரிசையின் மேல் பெருவிரல் நின்றது. “இது நான் ரெண்டாவது புள்ளைக்குப் பிறகு போட்ட குளிசை. கலியாணம் முடிக்காத புள்ளைக்கு இத ஏன் தாறீங்க?” என்று, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார். மருத்துவர் சொன்ன விளக்கம் எதுவும் அதன்பின் அவர் காதில் ஏறவில்லை. அந்தப் பிள்ளை பல மாதங்கள் கிளினிக் பக்கம் வரவில்லை. காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் உள்ள தாய்மாரிடமிருந்தும் இதே கேள்வியை, இதே தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறேன். குடும்பத்திட்டத்தின் வழியாக நம் வீடுகளுக்குள் வந்த குளிசை என்பதால், குடும்பத்திட்டத்தின் பெயரே அதில் ஒட்டிக்கொண்டது.

வரலாறோ வேறு விதமாக நடந்தது. இவ்வகைக் குளிசைகளில் முதலாவதை அமெரிக்காவின் மருந்து ஒழுங்குபடுத்தும் நிர்வாகம் 1957 இல் அனுமதித்தது மாதவிடாய்க் கோளாறுகளுக்காகவே. கருத்தடைக்கான அனுமதி 1960 இல்தான் வந்தது. பிந்தி வந்த பயனே பெயராக நிலைத்துவிட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

‘மாதவிடாய்ச் சீராக்கி’ என்று இருவர் முன்மொழிந்துள்ளீர்கள். கேட்க இதமான சொல்தான், ஆனால் அது சொல்லும் செய்தி பிழையானது. ஓமோன் குளிசைகள் முடிந்து இரும்புக் குளிசைகள் தொடங்கும் நாட்களில் வரும் குருதிப்போக்கு, ஓமோன் விலகுவதால் கருப்பையின் உட்படை உதிர்வதே ஆகும். முட்டை வெளிவந்து, அது கருக்கட்டாமல் போனபின் வரும் மாதவிடாய் அன்று. இதனை ‘விலகற் குருதிப்போக்கு’ என்று தனியாகவே குறிக்க வேண்டும் என நினைக்கிறேன். ‘சீராக்கி’ என்று பெயரிட்டால், மூன்று அட்டை போட்ட பிள்ளை சீராகிவிட்டதென்று நிறுத்துவாள், பின்னர் மாதவிடாய் மீண்டும் தவறும்போது மருந்துதான் உடம்பைக் கெடுத்தது என்று நம்புவாள். குளிசை இந்நோயை மாற்றுவதில்லை, அடக்கி வைக்கிறது.

அது எவ்வாறு அடக்குகிறது என்பதில்தான் நமக்கு வேண்டிய சொல்லும் இருக்கிறது. குளிசையில் ஈஸ்ரோஜன் வகை ஒன்றும் புரொஜெஸ்தரோன் வகை ஒன்றுமாக இரண்டு ஓமோன்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து, சூலகத்தைத் தூண்டும் மூளையடிச் சுரப்பியின் ஏவலைத் தணிப்பதால், சூலகம் சுரக்கும் ஆண் ஓமோன் குறைகிறது. ஈஸ்ரோஜன் தனியாக ஈரலில் இன்னொரு வேலை செய்கிறது: ஆண் ஓமோனாகிய ரெஸ்ரோஸ்ரரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தை ஈரல் கூடுதலாக உண்டாக்க, குருதியில் கட்டற்றுத் திரியும் ரெஸ்ரோஸ்ரரோன் மேலும் குறைகிறது. பரு சில மாதங்களில் தணிவதும், மயிர் வளர்ச்சி குறைய ஆறு மாதமோ அதற்கு மேலோ எடுப்பதும் இதன் விளைவுகளே. புரொஜெஸ்தரோன் வகையோ கருப்பையின் உட்படையைக் காக்கிறது. முட்டை வெளிவராத பெண்ணில் ஈஸ்ரோஜன் தனித்து நின்று அந்தப் படையைத் தடிக்கச் செய்துகொண்டே போகும், அது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் புற்றுநோய் வரை செல்லக்கூடும். மாதவிடாய் வராதது வசதிதானே என்று இருந்துவிடும் பெண்களுக்கு நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

ஆகவே ‘ஈரோமோன் குளிசை’ என்பதை முன்வைக்கிறேன். ஈருருளி, ஈருயிர் போல உயிரெழுத்தின் முன் ‘ஈர்’ வருவது தமிழின் இயல்பு. புரொஜெஸ்தரோன் வகை மட்டும் உள்ளதை ‘ஓரோமோன் குளிசை’ எனலாம். இந்த வேறுபாடு அலங்காரத்துக்கானதன்று, ஏனெனில் ஈரல் செய்யும் அந்த வேலை ஓரோமோன் குளிசையால் கிடைக்காது. மறுபுறம், குருதி உறையும் ஆபத்து ஈரோமோன் குளிசையிலுள்ள ஈஸ்ரோஜனாலேயே கூடுகிறது. காலில் அல்லது நுரையீரலில் குருதி உறைந்த வரலாறு உள்ளவர்கள், கண்ணில் ஒளிக்கீற்றுத் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், உயர் குருதியமுக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. எந்தக் குளிசை என்பதைப் பெயரே காட்டிக்கொடுத்தால், பாமசியில் மாறிப்போகும் தவறும் குறையும்.

‘ஈரோமோன்’ என்பது ஈரத்தை நினைவூட்டும் என்ற ஆட்சேபத்தைச் சோதித்தே பார்த்தேன். என் பழைய சக தாதி ஒருவரிடம் விளக்கம் எதுவும் தராமல் சொன்னேன், “ரெண்டு ஓமோன் உள்ளதா?” என்று உடனே கேட்டார். தமிழகத்தில் ‘ஹார்மோன்’ என்று வழங்குவோர் ‘இருஹார்மோன் மாத்திரை’ என்றால் பொருள் மாறாது. குளிசையோ மாத்திரையோ, அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. சென்னைக் கலைச்சொல் தொகுதிகள் இருக்க மட்டக்களப்பில் சொல் செய்வானேன் என்ற வினாவுக்கு, 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் நம் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்தவர் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கருத்தடை என்ற சொல்லைத் துண்டுப்பிரசுரத்திலிருந்து முழுவதும் நீக்கிவிடலாம் என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் மறைத்த செய்தி பாமசியிலோ மச்சாளின் வாயிலோ ஒருநாள் வெளிவரும். அன்று தாய் நம்மை நம்பமாட்டார். நாளை மணமுடித்துப் பிள்ளை வேண்டும் என்று விரும்பும் பெண்ணுக்கும், குளிசையை நிறுத்தியபின் முட்டை வெளிவர வேறு மருந்து தேவைப்படலாம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பெயரில் பொருளைச் சொல்வோம், பயன்களை அடுத்த வாக்கியத்தில் ஒளிக்காமல் சொல்வோம்.

துண்டுப்பிரசுரத்தின் வரைவு வாக்கியங்களை உங்கள் திருத்தத்துக்காகக் கீழே தருகிறேன். புணர்ச்சியிலோ நடையிலோ பிழை கண்டால் தயங்காமல் எழுதுங்கள். அச்சுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

“உங்கள் மகளுக்கு வழங்கப்படுவது ஈரோமோன் குளிசை. அவருடைய உடலில் கூடியுள்ள ஆண் ஓமோனைக் குறைக்கவும், கருப்பையின் உட்படையைக் காக்கவும் இது தரப்படுகிறது. இதே குளிசை, மணமான பெண்களுக்குக் கருத்தடைக்காகவும் வழங்கப்படுகிறது. இதை நிறுத்திய பின் பிள்ளை பெறும் ஆற்றலை இது கெடுப்பதில்லை.”