புதுப்பிப்பு: நேண்ட் ஃபிளாஷில் பழுதான பிளாக்குகள் – பிரச்சினை தீர்ந்தது

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகத் தேடி வருபவர்களுக்காக: காவேரிப்பட்டணத்தில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் குளிர் அறை வெப்பநிலையைப் பதியும் லினக்ஸ் போர்டு, மின்தடைக்குப் பின் இயங்க மறுக்கிறது என்று கேட்டிருந்தேன். அதன் தரவு இருப்பது நேண்ட் ஃபிளாஷ் (NAND) என்ற நினைவகச் சிப்பில்; அதை பிளாக் எனப்படும் துண்டு துண்டாகத்தான் அழிக்க முடியும்.

பதில் எழுதியவர்களில் ஓசூர் அண்ணன் சொன்னதே சரி. போர்டுடன் வந்த ஸ்கிரிப்ட், எம்டிடி பிளாக் (mtdblock: ஃபிளாஷைச் சாதாரண வட்டு போலக் காட்டும் லினக்ஸ் அடுக்கு) மீது நேரடியாக எக்ஸ்ட்4 (ext4) கோப்பு முறைமையைப் போட்டிருந்தது. அந்த அடுக்குக்குப் பழுதான பிளாக்கை ஒதுக்கத் தெரியாது. போதாததற்கு, சிறு மாற்றத்துக்கும் 128 கேபி பிளாக் முழுவதையும் அழித்து எழுதுகிறது. நடுவில் மின்சாரம் போனால் பிளாக்கே போயிற்று. நேண்ட் சிப்பில் தயாரிப்பின்போதே சில பிளாக்குகள் பழுதாகியிருப்பது இயல்பு என்பதால், ஒதுக்கத் தெரிந்த அடுக்கு கட்டாயம் வேண்டும்.

யுபிஐஃபார்மேட் (ubiformat) கட்டளையால் பகுதியைத் தயார் செய்து, பழுதான பிளாக்குகளை ஒதுக்கத் தெரிந்த யுபிஐ (UBI) அடுக்கின் மேல் யுபிஐஎஃப்எஸ் (UBIFS) கோப்பு முறைமையைப் போட்டேன். அதன்பின் எத்தனையோ மின்தடைகள். ஒவ்வொரு முறையும் போர்டு தானாக எழுந்துகொள்கிறது.

எதிர்பாராதது ஒன்று: பழைய அளவில் வால்யூம் (யுபிஐ மீது கோப்பு முறைமைக்காக ஒதுக்கும் பகுதி) உருவாக்கியபோது இடம் போதவில்லை என்றது. யுபிஐ வழக்கமாக 1024 பிளாக்குகளுக்கு 20 வீதம் மாற்றுக்காக ஒதுக்கிக்கொள்கிறது. வால்யூமைச் சுருக்கியதும் சரியானது.

சிப்பை முழுவதுமாக அழிக்கும் 'நேண்ட் ஸ்க்ரப்' (nand scrub) கட்டளையைப் போடும் யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். சிப் தயாரிப்பின்போதே இட்ட பழுது அடையாளங்களையும் அது அழித்துவிடும். அவற்றை மீட்க வழியில்லை.

எஸ்டி கார்டு, பென் டிரைவுக்கு இந்த யுபிஐ முறை பொருந்தாது. பழுதான பிளாக்குகளை அவற்றின் கண்ட்ரோலரே பார்த்துக்கொள்ளும்.