வாங்கும் முன் ஓட்டிப் பார்த்தபோது

2016 ஆகஸ்டில் எங்கள் முதல் காரைத் தேடினோம். பழைய கார்தான், பட்ஜெட் மூன்றரை லட்சம். பல்லாவரத்தில் ஒரு விற்பனையாளரிடம் வெள்ளை நிற டீசல் வண்டி பிடித்துப்போனது. 46,000 கி.மீ. ஓட்டம், ஒரே ஓனர், புது சீட் கவர். புதுப்பேட்டையில் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சாவியை வாங்கும் முன்பே அவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சூடு. "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க தம்பி. நாளைக்குக் காலையில வருவோம், அதுவரைக்கும் யாரும் சாவி போட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் திணறுகிறதா, என்ன நிறத்தில் புகை தள்ளுகிறது என்பதெல்லாம் தெரியுமாம்.

மறுநாள் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. புகையும் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் மீனம்பாக்கம் தாண்டி கத்திப்பாரா வரை ஓட்டினேன். சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தானே! ஏ.சி.யோடு ஏற்றியும் இழுவை குறையவில்லை. வாங்கிவிட வேண்டும் என்றே மனசு சொன்னது.

ஆனால் வாசனை பாட்டிலையும் மீறி ஏதோ ஈரத்துணி நாற்றம். அண்ணன் ஓரங்கட்டச் சொன்னார். "சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க." வழக்கமாக இழுக்கும் நீளம் வரை சுத்தமாக இருந்தது. அதற்கு மேல், எப்போதும் உள்ளே சுருண்டே கிடக்கும் பகுதியில், காய்ந்த சேற்றுக் கறை. சீட்டுக்கு அடியில் கையை விட்டால் கம்பியெல்லாம் துரு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் கார்கள் மூழ்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். எட்டே மாதத்தில் அப்படி ஒன்று புது சீட் கவரோடு என் முன்னால் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. வயரிங்குக்குள் தண்ணீர் போன வண்டி இன்றைக்கு நன்றாக ஓடும், என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. கேட்டதற்கு, "வாட்டர் வாஷ் பண்ணினது சார்" என்றார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். அந்த மூன்றரை லட்சம் எங்கள் நான்கு வருடச் சேமிப்பு. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

* * *

நான் கோயம்புத்தூர். எங்களுடையது புது கார். ஷோரூமில் அவிநாசி ரோட்டில் ஒரு யு டர்ன் அடித்துவிட்டு வரச் சொன்னார்கள். அது போதாது, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் விடவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி. முதலில் வந்த காரில் உட்கார்ந்துவிட்டார், இறங்கத்தான் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதன் மைலேஜ், டச் ஸ்கிரீன் எதையும் அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

இரண்டாவது கார் கொஞ்சம் உயரம். நாங்கள் நான்கு பேரும் ஏறி, ஏ.சி. போட்டு மருதமலை ஏற்றத்தில் போய்ப் பார்த்தோம். வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி எடுத்தேன், பின்னால் உருளவில்லை. வீட்டு வாசலில் அம்மா யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, "இதுல நானே ஏறி எறங்கிக்குவேன் கண்ணு" என்றார். அன்று சாயங்காலமே புக் பண்ணிவிட்டோம்.