சூளை இல்லாமல் மண்பாண்டம் சுட்டவர்கள்: வேலூர் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து:

கிண்ணம், அகல், சின்னச் சட்டி என்று கையாலேயே செய்து காயவைத்துவிட்டு, சுட வழி தெரியாமல் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மின்சூளை நம் கைக்கு எட்டாத விலை. குயவர் வீட்டுச் சூளையில் இரண்டு கிண்ணத்தையும் சேர்த்து வைக்கச் சொல்லிக் கேட்கத் தயக்கம். சூளையே கட்டாமல், கொல்லையில் ஒரு பள்ளத்தில் வறட்டி அடுக்கி நன்றாகச் சுடலாம். நான் அப்படித்தான் சுடுகிறேன். காட்டிக்கொடுத்தவர் கரிகிரிப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஆயா.

கரிகிரி என்றால் மெருகு ஏற்றிய பளபள ஜாடிகளும் பூச்சாடிகளும்தான் வெளியூரில் பலருக்கு ஞாபகம் வரும். இந்த ஆயா அதெல்லாம் செய்தவர் இல்லை. சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, பொங்கல் பானை, இவ்வளவுதான் அவர் வேலை. இப்போது சக்கரம் சுற்ற உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆனால் சுடுகிற விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள்.

நான் கொண்டுபோன கிண்ணத்தை வாங்கி முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வெயிலில் நாள்கணக்கில் காய்ந்தது, பார்வைக்கு வெளுத்து நன்றாகத்தான் இருந்தது. "சில்லுனு இருக்குது கண்ணு. உள்ள ஈரம் போவல. இத வச்சா வெடிக்கும்" என்றார். அதற்குப் பிறகு நான் எந்தப் பாண்டத்தையும் கன்னத்தில் வைத்துப் பார்க்காமல் அடுப்பு பக்கம் கொண்டுபோவதில்லை. உள்ளே ஈரம் இருந்தால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதனால் மண் குளிர்ச்சியாகத் தெரியும். முழுக்கக் காய்ந்தது சுற்றியிருக்கும் காற்றின் சூட்டிலேயே இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சூளை இல்லாமல் சுடுவதில் பெரும்பாலான பாண்டங்கள் உடைவது நெருப்பு போதாமல் கிடையாது. நெருப்பு அவசரப்படுவதால்தான் உடைகிறது. தண்ணீர் நீராவியாக மாறும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் அப்படி விரிந்தால் பாண்டம் தெறித்துவிடும். 100 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஆபத்து முடிந்தது என்றும் இல்லை. களிமண்ணோடு வேதியியலாகப் பிணைந்த தண்ணீர் தனியாக இருக்கிறது. அது கிட்டத்தட்ட 450 முதல் 600 டிகிரிக்குள்தான் பிரிந்து போகும். அது போன பிறகுதான் மண் ஓடாகிறது, திரும்பக் கரையாது. இதற்கு நடுவில் 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் மணல் சட்டென்று கொஞ்சம் விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆகவே ஏற்றுவதும் மெதுவாக, ஆற்றுவதும் மெதுவாக. ஆயாவுக்கு டிகிரிக் கணக்கெல்லாம் தெரியாது. "நெருப்பு பெருசா வேணாம், பொறுமையா வேணும்" என்று சொன்னார். இரண்டும் ஒன்றுதான்.

மண் விஷயம் சுருக்கமாக. ஏரி வண்டலை ஊறவைத்து, வடிகட்டி, இறுகவிட்டுப் பிசைவது எல்லோரும் செய்வதுதான். திறந்த நெருப்பில் சுடப்போகிறீர்கள் என்றால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்காவது சலித்த ஆற்று மணலோ, பழைய நாட்டு ஓட்டை இடித்த தூளோ கலந்தே ஆகவேண்டும். மணலைவிட ஓட்டுத்தூள் மேல் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் அது ஏற்கெனவே வெந்த மண், நெருப்பில் புதிதாக எதுவும் செய்யாது. வெறும் களிமண் வழவழவென்று வனைய சுகமாக இருக்கும், நெருப்பில் நிற்காது. சுவர் ஒரே தடிமனாக இருக்கட்டும். அடிப்பாகம் தடித்து விளிம்பு மெலிந்தால் விரிசல் நிச்சயம். காயவைப்பது நிழலில்தான். வேலூர் வெயிலில் மேல் பக்கம் ஒரே மதியத்தில் காய்ந்து சுருங்கிவிடும், உள் பக்கம் பின்தங்கும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு, கடைசி ஒரு நாள் மட்டும் வெயில் காட்டலாம்.

சுடும் நாள். முழங்கால் ஆழத்துக்கும் குறைவான அகலப் பள்ளம் போதும். அடியில் காய்ந்த மணலும் உடைந்த ஓட்டுச் சில்லுகளும் பரப்புவேன், நிலத்தின் ஈரம் மேலே ஏறாமல் இருக்க. நடுவில் பாண்டங்களைக் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் கொஞ்சம் தள்ளி வட்டமாகச் சின்ன நெருப்பு. ஜுவாலை பாண்டத்தைத் தொடக்கூடாது. இரண்டு மணி நேரமாவது இப்படி வாட்டவேண்டும். இடையில் பாண்டங்களைத் திருப்பித் திருப்பி வைக்கவேண்டும். இந்த இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கையால் தொடவே முடியாத சூடு வந்த பிறகு, கவிழ்த்த பாண்டங்களைச் சுற்றியும் மேலேயும் வறட்டியைக் கூடு மாதிரி அடுக்கி, சந்துகளில் மல்லாட்டை (வேர்க்கடலை)த் தோல், அதன்மேல் வைக்கோல், வைக்கோலின்மேல் சேறு. அடியில் மூன்று நான்கு இடத்திலும் உச்சியிலும் மட்டும் ஓட்டை விடவேண்டும். அந்தச் சேற்றுப் போர்வைதான் நமக்குச் சூளைச் சுவர். சூட்டை உள்ளே பிடித்து வைக்கும், காற்று திடீரென்று அடித்தாலும் பாண்டத்தில் நேராகப் படவிடாது.

எரிபொருளில் வறட்டிக்கு ஈடு இல்லை. நிதானமாக, ஒரே சீராகக் கனலும். சீமைக் கருவேல விறகு நல்ல சூடுதான், ஆனால் ஜுவாலை வேகமாக எழும்பும். அதைக் கடைசியில், சூடு போதவில்லை என்றால் மட்டும் ஓட்டை வழியாகச் சொருகுவேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மூட்டினால் இருட்டும் நேரத்தில் ஓட்டை வழியே பார்க்கலாம். பாண்டம் இருட்டில் மங்கலான சிவப்பாகத் தெரிந்தால் 600 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பழுத்த செம்பழ நிறம் வந்தால் இன்னும் நல்லது. திறந்த நெருப்பில் 700, 800 வரை தாராளமாகக் கிடைக்கும். அப்புறம் அடி ஓட்டைகளை மண்ணால் அடைத்துவிட்டு மறுநாள் காலைவரை தொடக்கூடாது. ஆசையில் ராத்திரியே கிளறினால் குளிர்காற்று பட்டு 'டிக்' என்று சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் வந்த பாண்டம் போய்விட்டது.

வெந்ததா என்று பார்க்க விரலால் சுண்டிப் பாருங்கள், கணீரென்று கேட்கவேண்டும். சந்தேகம் இருந்தால் உடைந்த சில்லு ஒன்றைத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். கரைந்தால் வேகவில்லை. மற்றவற்றை நன்றாகக் காயவைத்து மறுபடி சுடலாம், வீணாகாது.

ஒரு எச்சரிக்கை: பள்ளத்தைச் சுற்றி நம் ஊர்க் கருங்கல்லையோ பாலாற்றுக் கூழாங்கல்லையோ வைக்காதீர்கள். ஈரம் ஏறிய கல் நெருப்பில் வெடித்துச் சிதறும். செங்கல் வையுங்கள். வைக்கோல் போர், ஓலைக் கொட்டகை பக்கம் வேண்டவே வேண்டாம். அக்கம்பக்கத்து வீட்டில் முன்னாடியே சொல்லிவிடுங்கள், முதல் ஒரு மணி நேரம் புகை நிறைய வரும்.

குடியாத்தத்திலிருந்து:

அக்கா, கொல்லை இல்லாதவர்களுக்காக என் அனுபவம். எங்களுக்கு மொட்டைமாடி மட்டும்தான். பழைய தகர டிரம்மில் சுற்றிலும் விரல் பருமனுக்கு ஓட்டை போட்டு, மர மில்லில் இருந்து காய்ந்த மரத்தூள் வாங்கி வந்து சுடுகிறேன். அடியில் ஒரு சாண் மரத்தூள், அதன்மேல் கிண்ணங்கள், ஒவ்வொரு கிண்ணத்துக்கு உள்ளேயும் தூள் நிரப்பி, மறுபடி ஒரு அடுக்கு தூள் என்று அழுத்தி நிரப்பவேண்டும். மேலே காகிதம் வைத்துப் பற்றவைத்து, தணல் பிடித்ததும் மூடியைக் கொஞ்சம் இடைவெளி விட்டு மூடிவிடுவேன். ஜுவாலை இருக்காது, ராத்திரி முழுக்கப் புகைந்துகொண்டே மேலிருந்து கீழே இறங்கும். இறங்குவதே மெதுவாகத்தான் என்பதால் வெடிப்பு குறைவு. உள்ளே காற்று பற்றாததால் கரி மண்ணில் ஏறி, எடுக்கும்போது எல்லாம் கருகரு என்று இருக்கும்.

மண் பாதி காய்ந்து இறுகியிருக்கும்போதே வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினால் அந்தக் கறுப்பில் பளபளப்பு வரும். பார்க்கவே கண்கொள்ளாது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்: இதில் சூடு வறட்டிப் பள்ளத்தைவிடக் குறைவு. அகல், பூந்தொட்டி, அலங்காரக் கிண்ணம், இவற்றுக்குத்தான். சமைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றி வைக்கவும் நம்ப முடியாது. மாடியில் செய்பவர்கள் டிரம்மை நேராகத் தளத்தில் வைக்கக்கூடாது. இரண்டு வரிசை செங்கல், அதன்மேல் மணல், அதன்மேல் டிரம். சூட்டில் தளத்துக் கான்கிரீட் பெயர்ந்துவிடும்.

திருப்பத்தூரிலிருந்து:

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு செய்து பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964-65லும் 1967-68லும் அகழாய்வு செய்தது. புதிய கற்காலத்துக் கையால் வனைந்த சாம்பல் நிறப் பாண்டங்களும், அதற்கு மேல் அடுக்கில் பெருங்கற்காலத்துக் கருப்பு-சிவப்புப் பாண்டங்களும் அங்கே கிடைத்தன. உள் பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்று போகாமல் கறுப்பாகவும், வெளியே காற்று பட்ட இடம் சிவப்பாகவும் ஆனது என்று விளக்கம் சொல்வார்கள்.

பிள்ளைகள் நம்பவில்லை. சரி, செய்தே பார்ப்போம் என்று கிண்ணங்களுக்குள் உமியைத் திணித்து, சாம்பல் மெத்தையில் விளிம்பு புதையும்படி கவிழ்த்து, அக்கா சொன்ன மாதிரியே வாட்டி, வறட்டி அடுக்கிச் சுட்டோம். காலையில் திருப்பிப் பார்த்தால் உள்ளே கறுப்பு, வெளியே செங்காவி. எல்லாம் ஒரே மாதிரி வரவில்லை, சாம்பல் சரியாக மூடாதவற்றில் உள்ளேயும் பழுப்பு. அந்தப் பழுப்புக் கிண்ணத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு பெண் மற்றவர்களுக்குக் காரணத்தைச் சரியாக விளக்கினாள். பாடம் நடத்தி அந்த விளக்கத்தை நான் வரவழைத்திருக்க முடியாது.

ஒரு விஷயம் மட்டும் எல்லோரும் கவனியுங்கள். நன்றாக வெந்து, கணீரென்று ஒலித்த சட்டிகள் மூன்றாம் நாள் நாலாம் நாள் அங்கங்கே சில்லு சில்லாகப் பெயர ஆரம்பித்தன. பெயர்ந்த ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. மண்ணில் இருந்த சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல் துணுக்கு. நெருப்பில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும், பிறகு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து உப்பி, மேல் மண்ணைத் தள்ளிவிடும். மண் எடுக்கும்போதே கொஞ்சத்தின்மேல் வினிகர் ஊற்றிப் பாருங்கள், பொரிந்து நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கரைத்த மண்ணை மாவுச் சல்லடை போன்ற நெருக்கமான வலையில் வடிகட்டினால் பெரிய துணுக்குகள் நின்றுவிடும். சுட்டு ஆறியதும் பாண்டத்தைத் தள்ளி வைக்காமல் உடனே தண்ணீரில் முழுக்கிவிடுவதும் உதவும். சுண்ணாம்பு நிறையத் தண்ணீரில் ஒரேயடியாக நீறி மெத்தென்று ஆகிவிடுவதால் தள்ளும் வேகம் குறையும்.

வாலாஜாவிலிருந்து:

மண் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் கழிவுநீர் காலங்காலமாக இறங்கிய ஏரி, கால்வாய் மண் வேண்டாம். அதில் குரோமியம் இருக்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணில், காற்றோட்டமான நெருப்பில் அது இன்னும் விஷமான வடிவத்துக்கு மாறக்கூடியது. சுட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார், அது சரியில்லை. எங்கள் பாட்டி காலத்தில் ஊர் ஏரியில் கண்ணை மூடிக்கொண்டு மண் எடுத்தார்கள். இன்றைக்கு நாங்கள் மேட்டு நிலத்து ஏரிக்கு வண்டி கட்டிப் போகவேண்டியிருக்கிறது. மனசு கேட்கவில்லை, ஆனால் சோறு பொங்கும் சட்டி ஆயிற்றே.

மறுபடி காட்பாடியிலிருந்து:

திருப்பத்தூர் சார், உமி திணிக்கிற யோசனை அருமை, அடுத்த முறை எங்கள் கொல்லையிலும் செய்கிறேன். வாலாஜாக்காரர் சொன்னதை ஒவ்வொருவரும் மனசில் வைக்கவேண்டும்.

குழம்பு வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நல்ல மண், நல்ல வேக்காடு என்றால் வைக்கலாம். முதலில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். பிறகு அரிசி களைந்த தண்ணீரையோ வடிகஞ்சியையோ ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். கஞ்சிப் பசை நுண்ணிய துளைகளில் இறங்கி அடைக்கும். இதை இரண்டு மூன்று முறை செய்தால் கசிவு நிற்கும். வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றாதீர்கள், சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொஞ்சம் கசிகிற சட்டி என்றால் தயிர் தோய்க்க வையுங்கள், நீர் வற்றிக் கெட்டியாக வரும்.

எப்போது சுடுவது என்றும் கேட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழை இல்லாத நாளிலும் நிலத்தடி ஈரம் பள்ளத்தில் ஆவியாக ஏறும், வறட்டியும் நமத்துப்போயிருக்கும். கார்த்திகை தீபத்துக்கு அகல் வேண்டுமென்றால் புரட்டாசி முதல் வாரத்துக்குள் சுட்டு எடுத்துவிடுங்கள். பெரிய சட்டிகளைத் தை கழிந்து, தரை நன்றாக உலர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.