ராணாவைக் கொண்டுவர ஏன் இத்தனை வருஷம்? அபு சலேமுக்கு ஏன் எழுதிக் கொடுத்தோம்?

கரிசல் வாசகன்:
2008 மும்பைத் தாக்குதல் வழக்கில் நாம் தேடிய தஹாவூர் ராணா அமெரிக்காவின் சிகாகோவில் கைதானது 2009 அக்டோபரில். டெல்லியில் கொண்டுவந்து இறக்கியது 2025 ஏப்ரலில். பயங்கரவாதத்தை எதிர்ப்பதில் தோளோடு தோள் நிற்கிறோம் என்று இந்தியாவும் அமெரிக்காவும் மேடைக்கு மேடை சொல்கின்றன, 1997இலேயே குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தமும் போட்டாயிற்று, அப்புறமும் ஏன் இவ்வளவு இழுத்தது? அதைவிட என்னை உறுத்துவது அபு சலேம் விஷயம். 257 பேர் செத்த 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்றவர். அவருக்குத் தூக்கும் கிடையாது, 25 வருஷத்துக்கு மேல் சிறையும் கிடையாது என்று நம் அரசே போர்ச்சுகலுக்கு எழுதிக் கொடுத்துத்தான் ஆளை வாங்கியிருக்கிறது. இது சரியா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொருநை வழக்கறிஞர்:
முதலில் ராணா. 2009இல் அவரைப் பிடித்தது நமக்காக இல்லை, அமெரிக்கா தன் வழக்குக்காகப் பிடித்தது. 2011இல் சிகாகோ ஜூரி, பாகிஸ்தானிலுள்ள லஷ்கர்-இ-தொய்பா பயங்கரவாத அமைப்புக்கு உதவியதற்கும் டென்மார்க் பத்திரிகையைத் தாக்கும் சதிக்கும் அவரைக் குற்றவாளி என்றது. மும்பைத் தாக்குதலுக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டில் மட்டும் விடுவித்துவிட்டது. 2013இல் 14 வருஷத் தண்டனை. 2020 ஜூனில் உடல்நிலையைக் காட்டி வெளியே வந்தார், சில நாட்களிலேயே நம் கோரிக்கையின் பேரில் மறுபடி உள்ளே போனார். நம் வழக்கு அங்கே நீதிமன்றத்துக்கு வந்தது அப்போதுதான்.

அதன் பிறகு ஐந்து வருஷம் முக்கியமாக நடந்தது ஒரே ஒரு விவாதம். ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு, ஒரு நாட்டில் விசாரித்துத் தண்டித்த அல்லது விடுவித்த குற்றத்துக்காக ஆளை ஒப்படைக்கக் கூடாது என்கிறது. மும்பை விஷயத்தில்தான் என்னை விடுவித்துவிட்டீர்களே, பிறகு எப்படி அனுப்புவீர்கள் என்று கேட்டார் ராணா. கேட்டதில் தப்பில்லை, நான் அவருடைய வக்கீலாக இருந்தாலும் அதைத்தான் முதலில் எடுத்திருப்பேன். சம்பவம் ஒன்றே என்றாலும், இந்தியா சுமத்தும் போர் தொடுக்கச் சதி, கொலை, போலி ஆவணம் போன்ற குற்றங்களை நிரூபிக்க வேண்டிய கூறுகள் வேறு, அங்கே விசாரித்தவை வேறு என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவை எடுக்கவே மறுத்தது. இரண்டு தலைவர்கள் கை குலுக்கியதால் மட்டும் அவர் வரவில்லை, இந்த ஒவ்வொரு படியிலும் நம் தரப்புக் காகிதங்கள் நின்று தாக்குப்பிடித்ததால் வந்தார்.

சேரன்மாதேவிக்காரன்:
நீங்கள் சொல்வதெல்லாம் சரி சார். ஆனால் தாக்குதலுக்கு முன் மும்பையில் இடம் இடமாக, ஓட்டல் ஓட்டலாக நோட்டம் பார்த்து வீடியோ எடுத்தது ராணாவின் நண்பர் டேவிட் ஹெட்லி. ராணாவின் விசா கம்பெனிக்கு மும்பையில் கிளை என்று சொல்லிக்கொண்டு வந்து போனவர். அவர் 2010இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்குப் பதிலாக இந்தியாவுக்கு அனுப்பக் கூடாது என்று அமெரிக்க அரசிடமே எழுதி வாங்கிக்கொண்டாரே. நமக்குக் கிடைத்தது 2016இல் வீடியோ வழியாக ஒரு சாட்சியம். 166 பேர் போன வழக்கில் நட்பு நாடு செய்கிற காரியமா இது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொருநை வழக்கறிஞர்:
எனக்கும்தான். தங்களுக்கு வேண்டிய தகவலுக்காக நம் வழக்கின் முக்கிய ஆளைப் பேரம் பேசி வைத்துக்கொண்டார்கள். அதில் நியாயம் சொல்ல எதுவும் இல்லை.

ஈரோட்டு நிலா:
அபு சலேம் கேள்விக்கு யாரும் வரவில்லையே. அவர் 2002 செப்டம்பரில் லிஸ்பனில் பிடிபட்டபோது நமக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே இப்படியொரு ஒப்பந்தமே கிடையாது. அந்த நாட்டுச் சட்டத்தில் தூக்கும் இல்லை, ஆயுள் தண்டனையும் இல்லை, அதிகபட்சமே 25 வருஷம். அவர்கள் கேட்டதை எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் அவர் அங்கேயே இருந்திருப்பார், நமக்கு விசாரணைகூட நடந்திருக்காது. துணைப் பிரதமராக இருந்த அத்வானி 2002 டிசம்பரில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். 2005 நவம்பரில் ஆள் வந்தார்.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. ஒப்படைக்கும்போது சொல்லாத குற்றச்சாட்டுகளையும் இங்கே சேர்த்தார்கள். எந்தக் குற்றங்களுக்காக வாங்கினோமோ அவற்றுக்கு மட்டும்தான் விசாரிக்கலாம் என்பது நம்முடைய 1962ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. சலேம் லிஸ்பனில் வழக்குப் போட்டார், 2011இல் அங்குள்ள நீதிமன்றம் ஒப்படைப்பையே ரத்து செய்தது. கடைசியில் நாம்தான் நம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், சேர்த்த குற்றச்சாட்டுகளை வாபஸ் வாங்க வேண்டி வந்தது.

அப்புறமும் சிபிஐ, அமைச்சர் கொடுத்த வாக்கு இந்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று மனுவில் எழுதியது. நீதிபதிகளுக்கு அது பிடிக்கவில்லை, உள்துறைச் செயலாளரையே பதில் சொல்லச் சொன்னார்கள். அரசு தன் வாக்குக்குக் கட்டுப்பட்டது என்று அவர் சொன்னார். 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது: நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுக்கலாம், ஆனால் 2005 அக்டோபர் 12இலிருந்து 25 வருஷம் முடிந்ததும் அரசு தன் வாக்கைக் காப்பாற்றி விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் ஈரோட்டுக்காரரான நீதிபதி சுந்தரேஷும், முன்பு சென்னையில் தலைமை நீதிபதியாக இருந்த கவுலும் இருந்த அமர்வு அது. 2030இல் அவர் வெளியே வரும்போது எல்லோருக்கும் வலிக்கும். அதற்காக வாக்கை மீறினால் அடுத்த முறை எந்த நாடு நம் கையெழுத்தை நம்பும்?

கரிசல் வாசகன்:
நன்றி, இப்போது புரிகிறது. அப்படியென்றால் உத்தரவாதம் கொடுத்தாலே போதும், ஆள் வந்துவிடுவாரா?

ஈரோட்டு நிலா:
இல்லை. 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியா கிராமங்கள்மேல் விமானத்திலிருந்து துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் மூட்டை மூட்டையாகப் போட்டார்களே, அந்த வழக்கில் தேடப்படும் டென்மார்க்காரர் கிம் டேவியை அவர் நாட்டிடம் எத்தனையோ வருஷமாகக் கேட்கிறோம். டேனிஷ் அரசு அனுப்பத் தயாராக இருந்தபோதே 2011இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தடுத்தது, இந்தியச் சிறையில் சித்திரவதை நடக்கலாம் என்று. டெல்லி கோபப்பட்டு அவர்கள் தூதரகத்துடன் உறவைச் சுருக்கிக்கொண்டது, பலன் இல்லை. கூடுதல் உத்தரவாதம் கொடுத்தும் 2024 ஆகஸ்டில் இன்னொரு நீதிமன்றம் மறுபடி மறுத்துவிட்டது.

வங்கிக் கடன் விவகாரத்தில் லண்டனுக்குப் போய்விட்ட விஜய் மல்லையாவின் வழக்கு பயங்கரவாத வழக்கு இல்லைதான், ஆனாலும் லண்டன் நீதிபதி, அவரை அடைக்கவிருந்த மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் பாராக்கை (கைதிகள் தங்கும் கட்டடப் பகுதியை) வீடியோ எடுத்துக் காட்டச் சொன்னார், அதுவும் பகல் வெளிச்சத்தில், டார்ச் அடிக்காமல், ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறதா என்று தெரிகிற மாதிரி. ஒரு பாராக்கைக் காட்டி ஒரு வழக்கை ஜெயிக்கலாம், ஆனால் நம் சிறைகளில் சித்திரவதை இல்லை என்று எல்லா நாடுகளையும் நம்ப வைக்க அது போதாது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் நாம் கையெழுத்திட்டது 1997இல், ராணாவை வாங்கிய ஒப்பந்தத்தைப் போட்ட அதே வருஷம். அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. இதை வெளியுறவுத் துறை தனியாகச் செய்து முடிக்க முடியாது, உள்துறையும் நாடாளுமன்றமும் செய்ய வேண்டிய வேலை.